பொய்யா, மனப்பிரமையா? உண்மைக்கு மாறாகவே பேசும் வேட்பாளரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வேட்பாளர் மேடை ஏறுகிறார். நடக்காததை நடந்தது என்கிறார். இல்லாத எண்ணிக்கையைச் சொல்கிறார். மறுநாள் யாராவது ஆவணத்தைக் காட்டி மறுத்தால், அதையே இன்னும் உரத்த குரலில் சொல்கிறார். கேட்பவர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். “கூசாமல் புளுகுகிறார்” என்கிறது ஒரு தரப்பு. “இல்லை, அவர் உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார், மனதில்தான் ஏதோ கோளாறு” என்கிறது இன்னொரு தரப்பு. நெடுநாள் நட்பு முறியும் அளவுக்கு இந்த வாக்குவாதம் போவதைப் பார்த்திருக்கிறேன். அதில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

உண்மைக்கு மாறாகப் பேசினாலே அது பொய்தானே?

இல்லை. “தன்நெஞ் சறிவது பொய்யற்க” என்கிறது குறள். அங்கே அளவுகோலாக நிற்பது பேசுபவரின் நெஞ்சு அறிந்தது எதுவோ அதுதான். கிறித்தவ இறையியலாளர் அகஸ்டின் ஏறத்தாழ 395ஆம் ஆண்டில் பொய்யைப் பற்றி எழுதியபோதும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். சொன்ன செய்தி சரியா தவறா என்பதை விட, சொன்னவரின் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை வைத்தே ஒருவரைப் பொய்யர் என்று சொல்ல முடியும் என்றார்.

ரயில் ஏழு மணிக்கு என்று நினைத்துக்கொண்டு உங்களிடம் ஏழு என்று சொன்னவர், அது ஆறு மணிக்கே போய்விட்டாலும் பொய்யர் ஆகமாட்டார். ஆறு என்று தெரிந்தே ஏழு என்றவர்தான் பொய்யர். சிக்கல் என்னவென்றால், ரயில் எப்போது போனது என்பதைப் பதிவேட்டில் பார்த்துவிடலாம், சொன்னவரின் நெஞ்சுக்குப் பதிவேடு கிடையாது.

மனப்பிரமை என்று எதைச் சொல்கிறார்கள்?

ஜெர்மானிய மனநல மருத்துவர் கார்ல் யாஸ்பர்ஸ் 1913இல் அதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்: அசைக்க முடியாத உறுதி, எந்தச் சான்றுக்கும் வளையாத தன்மை, நடக்கவே முடியாத உள்ளடக்கம். மூன்றாவதைப் பற்றிப் பின்னர் நிறைய விவாதம் நடந்தது. முதல் இரண்டும் இன்றும் மருத்துவக் கையேடுகளில் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன.

மருத்துவர்கள் இன்னொன்றையும் கவனிப்பார்கள். ஒருவர் வாழும் சமூகமோ குழுவோ பொதுவாக ஏற்றுக்கொண்டிருக்கும் நம்பிக்கையை, அது எவ்வளவு தவறாக இருந்தாலும், அவருடைய நோய்க்குறியாகக் கொள்ளமாட்டார்கள். ஒரு கட்சியின் லட்சக்கணக்கான தொண்டர்கள் சேர்ந்து நம்பும் ஒன்றை அந்தக் கட்சியின் தலைவரும் நம்பினால், மருத்துவச் சொல்லை அவர்மேல் ஒட்டுவது அப்போதே தடுமாறத் தொடங்கிவிடுகிறது.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறு ஒன்று. பிரமை கூட்டத்துக்குத் தகுந்தாற்போல் மாறுவதில்லை. யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்ற பிரமையில் தவிப்பவர், அதைச் சொன்னால் வேலை போகும் என்றாலும் சொல்கிறார், குடும்பமே ஒதுக்கினாலும் சொல்கிறார். அவருக்கு அது தீராத வேதனை. மேடையில் ஒன்று, வழக்கறிஞர் முன் வேறொன்று, நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த பிறகு இன்னொன்று என்று பேசத் தெரிந்தவரை அந்த நோயாளியோடு ஒரே வரிசையில் வைப்பது நோயாளிக்குச் செய்யும் அநீதி. இதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். “பைத்தியம்” என்று ஒரு அரசியல்வாதியை வைதால் அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. நோயோடு போராடும் வீடுகளில்தான் அந்தச் சொல் போய் விழுகிறது.

மனநல மருத்துவர்களே பார்த்துச் சொல்லிவிட்டால் என்ன?

ஒரு முறை சொன்னார்கள், அது தவறாக முடிந்தது. 1964இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் பாரி கோல்ட்வாட்டர் போட்டியிட்டபோது, ‘ஃபேக்ட்’ என்ற இதழ் 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கேள்வி அனுப்பி, அவர் அதிபராக இருக்கத் தகுதியானவரா என்று கேட்டது. 2,417 பேர் பதில் எழுதினார்கள். அவர்களில் 1,189 பேர் தகுதியற்றவர் என்றார்கள். கோல்ட்வாட்டர் அவதூறு வழக்குத் தொடர்ந்து வென்றார், 75,000 டாலர் தண்டனைத் தொகையாகக் கிடைத்தது. நேரில் பரிசோதிக்காத, ஒப்புதல் தராத ஒருவரைப் பற்றி மருத்துவக் கருத்துச் சொல்லக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் விதி வகுத்தது. அந்த விதிக்கு இன்றும் கோல்ட்வாட்டர் பெயரே வழங்குகிறது.

ஆபத்து பெரியது என்றால் மருத்துவர்கள் வாய்மூடி இருக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் கவலை புரிகிறது. ஆனாலும் தொலைக்காட்சித் திரையில் பார்த்து நோய் சொல்லும் மருத்துவரிடம் என் வீட்டாரை அழைத்துப்போகமாட்டேன். வேட்பாளருக்கு மட்டும் அந்த முறை எப்படிச் சரியாகும்?

பொய்யும் இல்லை, பிரமையும் இல்லை என்றால் வேறு என்ன?

தமிழில் அதற்கு நல்ல சொல் இருக்கிறது: வாய்ச்சவடால். அமெரிக்கத் தத்துவவாதி ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் 1986இல் ஒரு கட்டுரையில் இதைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டினார். பொய் சொல்பவருக்கு உண்மை தெரியும். அதை மறைக்க வேண்டும் என்பதற்காகவாவது அவர் உண்மையின் மேல் ஒரு கண் வைத்திருப்பார். சவடால் பேசுபவருக்கு அந்தக் கவலையும் கிடையாது. சொல்வது உண்மையாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, கூட்டம் ஆர்ப்பரித்தால் போதும். அதனால்தான் அவர் பொய்யரை விட உண்மைக்குப் பெரிய எதிரி என்றார் ஃபிராங்க்ஃபர்ட்.

அமெரிக்க செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1950 பிப்ரவரி 9 அன்று வீலிங் என்ற ஊரில், வெளியுறவுத் துறையில் இருக்கும் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தன்னிடம் இருப்பதாகப் பேசினார். 205 பேர் என்று அவர் சொன்னதாக உள்ளூர் நாளிதழ் எழுதியது. அடுத்த நாள் வேறு ஊரில் அது 57 ஆனது. அதே மாதம் 20ஆம் தேதி செனட் அவையில் 81 ஆனது. பட்டியலைத் தவறாக நம்பியவரிடம் எண் இப்படி அலையாது. கவனமாகத் திட்டமிட்ட பொய்யரும் எண்ணை ஒன்றாகவே வைத்துக்கொள்வார், மாட்டிக்கொள்ளக் கூடாதே! எண் என்னவாக இருந்தாலும் பரவாயில்லை என்பவரிடம்தான் அது இப்படி மாறும். அந்தச் சவடாலில் எத்தனையோ பேர் வேலை இழந்தார்கள். செனட் அவரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்ற 1954 டிசம்பர் வரை ஆனது.

சொல்லிச் சொல்லித் தானே நம்பிவிடுவதும் உண்டல்லவா?

உண்டு, நாம் நினைப்பதை விட அதிகமாக. பிறரை நன்றாக ஏமாற்ற வேண்டுமானால் முதலில் தன்னையே ஏமாற்றிக்கொள்வது உதவும் என்று உயிரியலாளர் ராபர்ட் ட்ரிவர்ஸ் 1970களிலேயே எழுதினார். பொய் என்று தெரிந்து பேசும்போது குரலில் வரும் தடுமாற்றம், நம்பிப் பேசும்போது வராது. சர்வதேச விவாதப் போட்டிகளில் நடத்திய ஆய்வொன்று 2022இல் வெளியானது. எந்தப் பக்கம் பேச வேண்டும் என்பது அங்கே குலுக்கல் போல முடிவாகிறது. அப்படித் தற்செயலாகக் கிடைத்த பக்கத்தையே விவாதிப்பவர்கள் உண்மையிலும் நம்பத் தொடங்கியிருந்தார்கள். ஒரே ஒரு விவாதத்துக்கே இப்படி. ஒரே பேச்சை நூறு மேடைகளில் பேசுபவரின் மனம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நினைவும் இதற்குத் துணை போகும். ஹிலாரி கிளிண்டன் 2008இல், தாம் 1996இல் போஸ்னியாவில் விமானத்திலிருந்து இறங்கியபோது துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே ஓட வேண்டியிருந்தது என்று பேசினார். வரவேற்பு நிகழ்ச்சி அமைதியாக நடந்த ஒளிப்பதிவு வெளிவந்தது. அது பொய்யா, காலப்போக்கில் வளர்ந்த நினைவா, எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒளிப்பதிவு வந்த பிறகு, தவறாகச் சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டார், அந்தக் கதை அத்தோடு நின்றது. அந்த நிறுத்தம்தான் எனக்கு முக்கியம்.

அப்படியானால் எதை வைத்துப் பிரித்தறிவது?

தவறு என்று சொல்லப்பட்ட பிறகு அவர் என்ன செய்தார் என்பதை வைத்து. நெஞ்சைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் மறுப்பு எந்த நாளில் அவரிடம் போய்ச் சேர்ந்தது, அதற்குப் பிறகு என்ன சொன்னார், யாரிடம் மாற்றிச் சொன்னார் என்பதெல்லாம் பொதுவெளியில் கிடக்கும்.

2019 செப்டம்பர் 1 அன்று, டோரியன் புயல் அலபாமா மாநிலத்தையும் தாக்கும் என்று அதிபர் டொனால்ட் டிரம்ப் எழுதினார். அலபாமாவுக்குப் பாதிப்பு இல்லை என்று அங்குள்ள வானிலை அலுவலகம் ஏறத்தாழ இருபது நிமிடத்தில் மறுத்தது. இதுவரை அது பிழையாகவே இருந்திருக்கலாம். பழைய முன்னறிவிப்பைப் பார்த்துப் பேசியிருக்கலாம். ஆனால் மூன்று நாள் கழித்து அவர் காட்டிய வரைபடத்தில் புயலின் பாதையைக் கறுப்பு மையால் அலபாமா வரை யாரோ நீட்டியிருந்தார்கள். பிழை என்ற எல்லையைத் தாண்டியது அந்தப் பேனா.

2020 தேர்தலில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. தேர்தல் களவாடப்பட்டது என்று டிரம்ப் சொன்னார். முடிவை மாற்றும் அளவுக்கு மோசடி எதையும் காணவில்லை என்று அவருடைய சொந்த அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார் அந்த டிசம்பரிலேயே அறிவித்தார். அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் கிட்டத்தட்ட எல்லாம் தோற்றன. பின்னர் நாடாளுமன்றக் குழுவிடம் பார் சாட்சியம் அளித்தபோது, டிரம்ப் இவற்றை உண்மையாகவே நம்பினால் அவருக்கு நிஜத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று தமக்குத் தோன்றியதாகச் சொன்னார். அருகில் இருந்தவருக்கே இந்த இரண்டில் எது என்று தெரியவில்லை! பொய் என்று தெரிந்தே சொன்னார் என்று 2023 ஆகஸ்டில் அரசுத் தரப்பு குற்றம் சாட்டியது. உண்மையென்றே நம்பினார் என்றது எதிர்த்தரப்பு. 2024 தேர்தலில் அவர் வென்றதும் அந்த வழக்கு கைவிடப்பட்டது. எந்த நடுவர் குழுவும் இதைத் தீர்மானிக்கவில்லை.

சில சமயம் நெஞ்சுக்கும் பதிவேடு கிடைத்துவிடும். அதே தேர்தலைப் பற்றிய குற்றச்சாட்டுகளை ஒளிபரப்பிய ஃபாக்ஸ் நியூஸ் நிறுவனத்தின்மேல் வாக்கு எந்திர நிறுவனமான டொமினியன் வழக்குத் தொடர்ந்தபோது, திரையில் ஒன்றைப் பேசியவர்கள் தங்களுக்குள் அதை நம்பாமல் எழுதிக்கொண்ட குறுஞ்செய்திகள் நீதிமன்ற ஆவணங்களாக வெளிவந்தன. 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலருக்கு அந்த வழக்கு சமரசமானது.

உண்மையிலேயே நம்பினார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது குற்றம் குறைவுதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றவற்றை எல்லாம் எழுதினேன்.

ஆங்கிலேய கணிதவியலாளர் வில்லியம் கிளிஃபர்ட் 1877இல் ஒரு கப்பல் முதலாளியைக் கற்பனை செய்தார். கப்பல் பழையது, பழுது பார்க்க வேண்டியது. முதலாளிக்கு முதலில் சந்தேகம் வருகிறது. செலவை நினைத்து அந்தச் சந்தேகத்தை அடக்குகிறார். எத்தனை புயலைத் தாண்டிய கப்பல் இது, இறைவன் காப்பான் என்று தனக்குத் தானே சொல்லிச் சொல்லி, கடைசியில் மனதார நம்பிவிடுகிறார். மகிழ்ச்சியோடு பயணிகளை வழியனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் நம்பிக்கை போலியானதன்று, முழுக்க உண்மையானது. ஆனாலும் அந்தச் சாவுகளுக்கு அவர் பொறுப்பு என்றார் கிளிஃபர்ட். அப்படி நம்புவதற்கான உரிமையை அவர் சம்பாதிக்கவில்லை. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் குற்றமே என்றும் சொன்னார்.

ஆட்சி கேட்பவர் ஊரார் அனைவரையும் ஏற்றிக்கொள்ளும் கப்பல் முதலாளி. தென்னாப்பிரிக்க அதிபராக இருந்த தாபோ எம்பெக்கி, எய்ட்ஸ் நோய்க்கு எச்.ஐ.வி. கிருமிதான் காரணம் என்பதைச் சந்தேகித்தார். ஏமாற்றும் எண்ணத்தோடு அவர் அப்படிச் சொன்னார் என்று யாரும் சொல்வதில்லை. படித்தார், தேடினார், தவறான ஆட்களைக் கேட்டார், நம்பினார். கிருமியைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் அரசு மருத்துவமனைகளுக்கு வரத் தாமதமானது. அந்தத் தாமதத்தால் 2000 முதல் 2005 வரை 3,30,000க்கும் அதிகமான உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். அவர் நெஞ்சறிந்து பொய் சொல்லவில்லை என்பது மருந்து கிடைக்காமல் போன தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் என்ன ஆறுதல் தரும்?

“அவர் நம்பித்தான் சொன்னார்” என்பதை மன்னிப்பாக என்னால் ஏற்க முடியவில்லை. சாதாரண மனிதருக்கு அது மன்னிப்பாகலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள அதிகாரிகளும் நிபுணர்களும் ஆவணங்களும் சுற்றி இருக்கும் ஒருவருக்கு ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பொய்யும் இல்லாத, பிரமையும் இல்லாத அந்த மூன்றாவது நிலையைச் சட்டம் நம்மை விட முன்பே கண்டுகொண்டது. இந்தியாவின் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123(4) பிரிவில், எதிர் வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றிப் பொய்யான தகவலை வெளியிடுவதை ஊழல் நடவடிக்கை என்கிறது. வெளியிட்டவர் அது பொய் என்று நம்பியிருக்க வேண்டும், அல்லது அது உண்மை என்று நம்பாமல் இருந்திருக்க வேண்டும். இரண்டாவது சொற்றொடரைக் கவனியுங்கள், அங்கே நிற்பவர்தான் சவடால்காரர். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1964இல் ஓர் அவதூறு வழக்கில், பொய் என்று தெரிந்து சொல்வதையும், பொய்யா மெய்யா என்ற அக்கறையே இன்றிச் சொல்வதையும் ஒரே தட்டில் வைத்தது. பிரிட்டனில் எதிர் வேட்பாளரைப் பற்றிப் பொய்ப் பிரசுரம் வெளியிட்டதற்காக நாடாளுமன்ற உறுப்பினர் ஃபில் வூலஸ் 2010இல் பதவியையே இழந்தார்.

ஆனால் இவை எல்லாம் இன்னொரு மனிதரைப் பற்றிய பொய்களுக்குத்தான். பொருளாதாரம், புள்ளிவிவரம், நாட்டு வரலாறு பற்றி மேடையில் எதையும் சொல்லலாம். அரசே உண்மையைத் தீர்மானிக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்ற அச்சத்தில் நியாயம் இருப்பதால், இதை மாற்றச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

எல்லா அரசியல்வாதிகளும்தானே பொய் சொல்கிறார்கள்? ஜனரஞ்சகத் தலைவர்களை மட்டும் ஏன் குறிவைக்கிறீர்கள்?

எல்லோரும் சொல்கிறார்கள், மறுக்கவில்லை. வியட்நாம் போரைப் பற்றி அமெரிக்க அரசுகள் மக்களிடம் சொன்ன பொய்கள் 1971இல் வெளியான ரகசிய ஆவணங்களில் அம்பலமாயின. அவற்றைச் சொன்னவர்கள் கோட்டு அணிந்த, மரியாதையான ஆட்கள். ஆனால் அந்த வகைப் பொய் வெளிச்சத்துக்கு அஞ்சும். வெளிவந்தால் பதவி போகும்.

“உண்மையான மக்களின் ஒரே குரல் நான்தான்” என்று சொல்லும் ஜனரஞ்சகத் தலைவரிடம் அந்த அச்சம் இருப்பதில்லை. அவரை மறுக்கும் நாளிதழ், நீதிபதி, புள்ளிவிவர அதிகாரி எல்லோரும் அவர் கணக்கில் மக்கள் விரோதிகள். மறுப்பு வர வர அவருடைய கதை வலுப்பெறுகிறது. தேர்தலில் தோற்றாலும், மக்கள் தம் பக்கம் இருக்கும்போது எப்படித் தோற்க முடியும், மோசடிதான் என்று ஆகிவிடுகிறது. இந்த ஏற்பாட்டுக்குள் ஒருவர் பல ஆண்டு வாழ்ந்தால் பொய்க்கும் நம்பிக்கைக்கும் நடுவே இருந்த சுவர் அவருக்குள்ளேயே இடிந்துபோகலாம்.

ஆதரவாளர்கள் இதையெல்லாம் நம்புகிறார்களா?

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கேட்பவர் முட்டாள் என்ற முடிவு எனக்கு உடன்பாடில்லை. 2017இல் டிரம்ப் பதவியேற்றபோது வந்த கூட்டத்தின் படத்தையும், 2009இல் ஒபாமா பதவியேற்றபோது வந்த கூட்டத்தின் படத்தையும் பெயர் குறிப்பிடாமல் மக்களிடம் காட்டி, எதில் ஆட்கள் அதிகம் என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். டிரம்புக்கு வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேர் காலியிடம் பளிச்சென்று தெரியும் படத்தைச் சுட்டினார்கள். கண் தெரியாமல் இல்லை. “நான் எந்தப் பக்கம் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்” என்பதே அந்தப் பதிலின் பொருள்.

வேறோர் ஆய்வில், தலைவர் சொன்னது தவறு என்று விளக்கியபோது ஆதரவாளர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் வாக்கை மாற்றிக்கொள்ள நினைக்கவில்லை. தங்களைக் கைவிட்டதாக அவர்கள் நினைக்கும் அமைப்பை யார் அவமதிக்கிறாரோ அவரே அவர்களுக்கு நேர்மையானவராகத் தெரிகிறார். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறதா என்று கேட்காமல் பொய்ப் பட்டியலை மட்டும் நீட்டினால் அவர்கள் நம்மிடம் பேசமாட்டார்கள்.

திரும்பத் திரும்பச் சொன்னால் பொய்யும் உண்மையாகிவிடும் என்று ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் சொன்னாராமே?

அவர் அப்படிச் சொன்னதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடைத்ததில்லை. பலமுறை கேட்டதால் நாம் நம்பிவிட்ட வாக்கியம் அது. ஆனால் கருத்து சரிதான். 1977இல் அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்குச் சில வாக்கியங்களை இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். திரும்ப வந்த வாக்கியங்கள், மெய்யோ பொய்யோ, ஒவ்வொரு முறையும் கூடுதல் உண்மையாகத் தோன்றின. இதே விதி மேடையில் நிற்பவரின் காதுக்கும் பொருந்தும். அவர் பேச்சை அவரை விட அதிக முறை கேட்டவர் யார்?

பத்திரிகைகள் “பொய்” என்ற சொல்லைப் பயன்படுத்தலாமா?

தெரிந்தே சொன்னார் என்று காட்ட முடிந்தால் தயங்கக் கூடாது. காட்ட முடியாவிட்டால் தேதிகளை எழுதுங்கள்: இந்த நாளில் இந்த அதிகாரி அவரிடம் இது தவறு என்றார், அதன் பிறகு இத்தனை மேடைகளில் அதையே சொன்னார். வாசகர் தாமே சொல்லைத் தேர்ந்துகொள்வார்.

அந்த வேட்பாளரை நேரில் சந்தித்தால் என்ன கேட்பது?

“பொய்தானே சொன்னீர்கள்?” என்று கேட்காதீர்கள். இல்லை என்பார், கூட்டம் கைதட்டும், உங்கள் முறை முடிந்துவிடும். “இது உங்களுக்கு எப்படித் தெரியும்? யாரைக் கேட்டீர்கள்? எதைக் காட்டினால் இது தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்?” என்று கேளுங்கள். பதில் வரும் வரை ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.